ஒன்பது துளையிட்ட நீலப் பெட்டி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை; அப்படியே வைத்துக்கொள். தொண்டையில் தையல் போட்ட இடம் ஆறிவிட்டது, பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது. எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துக் காய்ச்சலோ என்று பயப்படாதே. இன்று காலை ஒரு பார்சல் வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

இதைக் குடும்ப குரூப்பில் போடாமல் தபாலில் அனுப்பக் காரணம், குரூப்பில் உன் பெரிய அத்தை இருக்கிறார். உன் அப்பாவும் இருக்கிறார். பேச முடியாதவளுக்கு ரகசியம் காப்பது சுலபம் என்று உலகம் நினைக்கிறது. நான் ஸ்லேட்டில் எழுதுவதை வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். படிக்க வேண்டிய ஒருவர் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் அதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குக் கோபம் ஆறிவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் என் தொண்டையில் வளர்ந்திருந்ததை எடுத்தபோது குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார் அல்லவா. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று உண்டு, ஆனால் கதிர்வீச்சு பட்ட தோல் தேற வேண்டும், ஒரு வருஷம் பொறுங்கள் என்றார். உன் அப்பா பொறுக்கவில்லை. "ஒரு வருஷம் நீ பேசாம வீடு எப்படிம்மா இருக்கும், நானே ஒண்ணு செய்றேன்" என்றார். இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் ஒருதலைப்பட்சமாகிவிடும்.

வேலையில் இருந்த காலமெல்லாம் லிஃப்டுகளைப் பழுதுபார்த்தவர் அவர். மனிதனுக்கு என்ன தேவையானாலும் அது ஒரு பொத்தானில் அடங்கிவிடும் என்று நம்புகிறவர். அதனால் பொத்தானை அழுத்தினால் என் சார்பில் பேசுகிற பெட்டி ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கினார். சாப்பாட்டு மேசையில் பாதி அன்றிலிருந்து சால்டரிங் சாமான்களுக்குப் போய்விட்டது. மீதிப் பாதியில் நாங்கள் சாப்பிடுகிறோம், ஒருவர் பின் ஒருவராக.

இப்படி வீட்டில் உட்கார்ந்து எலெக்ட்ரானிக்ஸ் பெட்டி கட்டுகிறவர்களுக்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. நாள் முழுக்கப் போனில் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்குள் ஒரு வேதவாக்கு: உள்ளே போகிற சர்க்யூட் முடிந்த பிறகுதான் வெளிப்பெட்டிக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். எல்லோரும் எல்லோருக்கும் இதைச் சொல்கிறார்கள். பிறகு எல்லோரும் போய் முதலில் பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள். பிள்ளை பெறும் முன்னே பெயர் வைப்பது போலத்தான். அளவு சொல்லி, எங்கெங்கே துளை வேண்டும் என்று படம் வரைந்து, மேலே என்ன எழுத வேண்டும் என்றும் அனுப்பினால், ஒரு நிறுவனம் அலுமினியப் பெட்டியில் துளை போட்டு, வண்ணப் பொடி தூவி, அடுப்பில் வேகவைத்து, எழுத்தை அச்சடித்து அனுப்பிவிடுகிறது. அந்தப் பூச்சு லேசில் உரியாதாம். தலைமுறை தாண்டி நிற்குமாம். இதை உன் அப்பா நல்ல செய்தியாகச் சொன்னார்.

பெட்டி அழகாக இருக்கிறது. என் கண்ணாடிக் கூட்டின் அதே நீலம். கூட்டை எடுத்துக்கொண்டு போய் வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்திருக்கிறார். கைக்கு அடக்கமாக, ஓரங்கள் மழமழவென்று. கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும் என்பதால் ஒன்பது பொத்தானுக்குத்தான் இடம். உடம்புக்கு ஒன்பது வாசல் என்பார்கள். என் வாய்க்கும் ஒன்பது துளை. ஒவ்வொரு துளைக்குக் கீழும் அந்தப் பொத்தானை அழுத்தினால் நான் என்ன சொல்வேன் என்று வெள்ளை எழுத்தில் அச்சடித்திருக்கிறது.

முதல் வரிசை: சரிங்க. இதோ வரேன். சாப்பிட வாங்க.

இரண்டாம் வரிசை: மாத்திரை போட்டீங்களா. டீ போடட்டுமா. உங்க கண்ணாடி டிவி மேல இருக்கு.

மூன்றாம் வரிசை: கதவு பூட்டியாச்சா. யாரு போன்ல. ஒண்ணுமில்லை.

இதுதான் நான்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மகிழ்ச்சியில் உட்கார்ந்துவிட்டதாக உன் அப்பா நினைத்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "எப்படி, பிரமாதமா இருக்குல்ல" என்றார். நான் மறுபடியும் படித்தேன். அச்சகத்தில் முப்பது வருஷம் புரூஃப் பார்த்தவள் என்பதால் முதலில் கண் பிழையைத்தான் தேடியது. ஒரு பிழை இல்லை. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி சீராக இருக்கிறது. ஒன்பதில் எட்டு வாக்கியங்கள் அவரைப் பார்த்துச் சொல்பவை. ஒன்பதாவது யாரைப் பார்த்தும் சொல்வதில்லை.

பெட்டியை அடுப்பில் வைப்பதற்கு முன்னால் அந்த நிறுவனம் அவருக்குப் படம் அனுப்பியிருக்கிறது: சரிபார்த்து ஒப்புதல் தரவும், ஒப்புதலுக்குப் பின் தெரியவரும் குறைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல. திருமணப் பத்திரிகையிலும் இப்படி ஒரு வரி அடித்தால் நேர்மையாக இருக்கும். உன் அப்பா உடனே ஒப்புதல் கொடுத்துவிட்டார். புரூஃப் ரீடர் பக்கத்து அறையில்தான் இருந்தாள். அவளிடம் காட்டினால் ஆச்சரியம் போய்விடுமாம். போகவில்லை. ஆச்சரியம் இன்னும் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கவலையும் உண்டு. உன் பெரிய அத்தைக்கு அவர் வீட்டு மாடிப்படி ஒத்துக்கொள்ளவில்லையாம். எனக்குத் துணையாக இருக்க நம் வீட்டுக்கே வந்துவிடுவதாகச் சொல்கிறார். வந்தால் முன்னறை வேண்டுமாம். என் மேசையும், ஜன்னலும், அச்சகத்திலிருந்து இன்னும் எனக்கு வந்துகொண்டிருக்கிற புரூஃப் கட்டுகளும் இருக்கிற அறை. நான் பின்னால் குளியலறைக்குப் பக்கத்தில் இருந்தால் எனக்குத்தான் சௌகரியமாம். உன் அப்பா அக்காவிடம் "பார்க்கலாம்க்கா" என்று சொல்லியிருக்கிறார். அவர் பார்க்கலாம் என்று சொன்ன எதுவும் இதுவரை நடக்காமல் போனதில்லை. அத்தை அடுத்த மாதம் அறையைப் பார்க்க வருகிறார். அப்போது நான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். பெட்டியில் இருப்பதை வைத்துச் சொன்னால், டீ போடட்டுமா என்று கேட்கலாம்.

அந்த ஒன்பதையும் பதிவு செய்து அனுப்பும்படி அப்பா உன்னிடம் கேட்டிருப்பார். உன் குரல் என் குரல்தான். நீ இங்கே இருந்தபோது அச்சகத்துக்காரர் போனில் உன்னை நான் என்று நினைத்து உன்னிடமே பாதிப் புத்தகத்தைப் பேசி முடித்திருக்கிறார். கொஞ்சம் பொறு. நான் மறுபடி எழுதும்வரை எதையும் அனுப்பாதே.

நல்லபடியாக இரு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா


அன்பு மகளுக்கு,

சென்ற கடிதம் கிடைத்திருக்கும். இங்கே மழை இல்லை. பக்கத்து வீட்டு டெய்லருக்கு இரண்டாவது பெண் பிறந்திருக்கிறது. பெட்டி விஷயம் மேலும் முன்னேறியிருக்கிறது. எந்தத் திசையில் என்பதை நீயே முடிவு செய்துகொள்.

நான் ஸ்லேட்டில், வேண்டாம் என்று சொல்ல எந்தப் பொத்தான் என்று எழுதி, அவர் கண்ணாடியையும் எடுத்துவந்து கையில் கொடுத்தேன். படித்தார். வெகுநேரம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் இருக்கும் என்பது போல. பிறகு, "அதுக்குத்தான் தலை இருக்கே. தலையை ஆட்டினா போச்சு, அதுக்குப் போய் பேட்டரியை வீணாக்குவானேன்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, மின்சாரச் சிக்கனமாகத்தான் சொன்னார். நான் ஸ்லேட்டை அவர் முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சொன்னார்: "உக்காந்து யோசிச்சுத்தாம்மா எழுதினேன். நீ அடிக்கடி சொல்றது எதெதுன்னு ஒரு வாரம் யோசிச்சேன். வேண்டாம்னு நீ சொன்னதா எனக்கு ஒரு ஞாபகமும் வரலையே."

எனக்குக் கோபம் வந்தது. உடனே எடுத்துக்காட்டுகளோடு மறுக்கலாம் என்று சாக்பீஸை எடுத்தேன். பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். கூடக் கொஞ்சம் சோறு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பை வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். புரூஃபில் மட்டும் தினமும் நூறு முறை வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன், அதுவும் சிவப்பு மையில், பெரிய எழுத்தாளர்களுக்கெல்லாம். உன் அப்பாவிடம் வாய்விட்டு ஒருமுறை சொன்னதாகத் தேடினேன். பெட்டியைப் பிரித்தபோது வந்த அதிர்ச்சி பெரிது என்று நினைத்திருந்தேன். அது முன்னுரைதான்.

அவர் அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். பேசிய பெண் நல்ல பெண். "சார், அடுப்புல வெந்த பூச்சு சார், எழுத்தைச் சுரண்டினா அழகே போயிடும். இப்போ போய் இன்னொரு துளை போட்டா ஓரமெல்லாம் உரிஞ்சுக்கும். புது பெட்டிதான் சார் போடணும், ஆனா வரிசையில நிறைய பேர் இருக்காங்க" என்றாள். பிறகு, "நீங்க ரெண்டு பெட்டி வாங்கினீங்களே சார், அந்த ரெண்டாவதுல வேற எழுத்து இருக்கா" என்று கேட்டாள். உன் அப்பா கொஞ்சம் தயங்கி, "ஒண்ணு ஸ்பேருக்கு இருக்கட்டும்னு அதே மாதிரிதாம்மா போட்டேன்" என்றார். ஆக, எனக்கு மறுபிறவி இருந்தாலும் இதே ஒன்பதுதான்.

ஆனால் அவர் விட்டுவிடுகிற ஆள் இல்லை. ஒரு நாள் முழுக்க மேசையைவிட்டு எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் வந்து, ஒரே பொத்தானில் இரண்டு வேலை வைக்கலாம் என்று அறிவித்தார். அழுத்தி உடனே விட்டால் ஒரு வாக்கியம். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் வேறொன்று. வேண்டாம் என்பதைச் சரிங்க என்ற பொத்தானில் வைத்திருக்கிறார். "நல்லா அழுத்திப் பிடி. மூணு விநாடி பொறுமையா பிடிச்சா வேண்டாம்னு சொல்லும்" என்றார்.

இதை நீ இன்னொரு முறை படிக்க வேண்டும். மறுப்பு சொல்ல வேண்டுமானால், சரிங்க என்று எழுதியிருப்பதைப் பிடித்து, விடாமல், பொறுமையாக அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நான் செய்துவருவது இதுதான். மூன்று விநாடி காத்திருந்து கேட்டவர்தான் யாரும் இல்லை.

உன் பதிவு வரும்வரை சோதித்துப் பார்க்க எல்லா வாக்கியத்தையும் தன் குரலிலேயே பேசி ஏற்றிவைத்திருக்கிறார். அதனால் இப்போது நான் உன் அப்பாவின் குரலில் பேசுகிறேன். பக்கத்து வீட்டு டெய்லர் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து கனத்த ஆண்குரலில் "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு நான் போய்த் திறந்தேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தபடியே பேசிவிட்டுப் போனார். மதியம் உன் அப்பா நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தபோது "மாத்திரை போட்டீங்களா" என்று அழுத்தினேன். கண்ணைத் திறக்காமலே "போட்டாச்சு போட்டாச்சு" என்றார். போடவில்லை. தன் குரலிடமே பொய் சொன்ன மனிதரை நான் முதல்முறையாகப் பார்த்தேன். கண் விழித்து, யார் கேட்டது என்று என்னிடமே கேட்டார்.

ஆகையால் மகளே, இனிமேல் அனுப்பு. ஒன்பதையும் அனுப்பு. ஒன்பதோடு பத்தாவதாக வேண்டாம் என்பதையும் சொல்லி அனுப்பு. பெரிய அத்தை வரும் தேதி நெருங்குகிறது. அதற்குள் வந்தால் நல்லது. என்னுடைய ஒரே மறுப்பை நான் மீசை வைத்த குரலில் சொல்ல விரும்பவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


அன்பு மகளுக்கு,

உன் பதிவுகள் வந்து சேர்ந்தன. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் பெரிய அத்தை வந்துபோன கதை.

உன் பதிவு வருவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே அவர் வந்துவிட்டார். கையில் அளக்கும் நாடா. என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்து அழுதார்; மனதார அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக முன்னறைக்குப் போய் நாடாவை விரித்தார். "கட்டில் இங்க, பீரோ அங்க. இந்த மேசைதான், தம்பி, இடத்தை அடைக்குது. இதை யாருக்காவது தூக்கிக் கொடுத்துடேன். அவளுக்கு இனிமே என்ன வேலை, பாவம், ஓய்வா இருக்கட்டும்" என்றார். மேசைமேல் ஒரு புத்தகத்தின் முதல் புரூஃப் விரித்தபடி இருந்தது. பக்கத்திலேயே சிவப்புப் பேனாவும் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் அளந்தார்.

உன் அப்பா நிலைக்கதவில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடவில்லை. ஆனாலும் கூர்ந்து பார்த்தார்.

அத்தை என்னிடம் திரும்பி, "என்னம்மா, உனக்குச் சம்மதம்தானே" என்றார். ஸ்லேட் சமையலறையில் இருந்தது. பெட்டி கையில் இருந்தது. நான் முதல் பொத்தானில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். அந்த நேரத்துக்குள் அத்தை ஒரு முறை தலையசைத்து, நாடாவைச் சுற்றவே தொடங்கிவிட்டார்.

"வேண்டாம்" என்றது பெட்டி. உன் அப்பாவின் குரலில், தெளிவாக, கொஞ்சம் அதட்டலாகவே. பதிவு செய்த அன்று ஸ்பீக்கருக்குக் கேட்கட்டும் என்று உரக்கச் சொல்லியிருக்கிறார்.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. சட்டென்று தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. சிறு வயதிலிருந்து கைப்பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன தம்பி அவர். "என்னடா சொன்னே" என்று மெதுவாகக் கேட்டார்.

உன் அப்பா வாயைத் திறக்கவில்லை. திறக்கவே இல்லை என்பதற்கு நான் சாட்சி. அவரும் அவர் குரலைக் கேட்டு ஆடிப்போய்த்தான் நின்றார், அறைக்குள் இன்னொரு ஆள் நுழைந்து தன் சார்பில் பேசிவிட்டது போல. பெட்டியின் பக்கம் கையைக் காட்டி, நான் இல்லைக்கா, அதுதான் பேசியது என்று சொல்லியிருக்கலாம். சொல்வார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவர் என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆமாக்கா, வேண்டாம். இது அவ ரூம்" என்றார். இரண்டாம் முறை சொன்னது முதலாவதின் அளவுக்குக் கம்பீரமாக இல்லை. ஆனால் அது பெட்டி சொன்னதில்லை.

அத்தை நாடாவைப் பையில் போட்டுக்கொண்டார். "அவளுக்கு வாய் போச்சு, உனக்கு வாய் வந்துடுச்சு" என்றார். டீ குடித்தார். அதற்குப் பொத்தான் இருந்தது. போகும்போது பின்னறையையும் ஒரு முறை எட்டிப் பார்த்து, மாடிப்படி இல்லாத வேறு வீடு பக்கத்தில் கிடைத்தால் சொல்லச் சொன்னார். சொல்வோம். வருத்தம்தான் அவருக்கு. எனக்கும்கூடக் கொஞ்சம் இருந்தது.

அவர் போனபின் உன் அப்பா சால்டரிங் மேசையில் போய் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருந்தார். அவரிடம் வேண்டாம் என்ற சொல் இருந்ததை அவரே அன்றுதான் தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். அவர் ஒன்பது வாக்கியங்களை யோசித்தபோது அந்தச் சொல் ஏன் வரவில்லை என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. எல்லாவற்றையும் எனக்கு எதிராகச் செய்த சதி என்று எடுத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அது போய்விட்டது.

இப்போது உன் பதிவுகள். நானும் அப்பாவும் சேர்ந்து கேட்டோம். அவர் இரண்டாவது வாக்கியத்திலேயே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். என் குரல் வீட்டுக்குள் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. நான் மட்டும் முழுவதும் கேட்டேன், புரூஃப் பார்க்கிறமாதிரி, முதலில் ஒருமுறை வேகமாக, பிறகு ஒருமுறை நிதானமாக.

ஒன்பதும் நன்றாக இருக்கின்றன. அதிலும் சரிங்க என்பது அத்தனை இயல்பு. ஒத்திகை பார்த்துச் சொன்னதாகத் தெரியவில்லை. நான் சொன்னால்கூட அவ்வளவு சரளமாக வராது. ஒண்ணுமில்லை என்பதும் அப்படித்தான். நீ இங்கே இருந்தவரை அந்த இரண்டையும் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கேட்டுவிட்டுப் போனை மேசைமேல் வைத்தேன். பெட்டியைப் பிரித்த அன்று உட்கார்ந்த அதே நாற்காலியில்தான் அன்றும் உட்கார வேண்டியிருந்தது.

பத்தாவதை நீ மூன்று முறை பதிவு செய்து மூன்றையும் அனுப்பியிருக்கிறாய். எது நன்றாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். முதலாவதில் அது கேள்வி மாதிரி முடிகிறது. இரண்டாவதில் சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கிறாய். மூன்றாவதில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. அதற்கு மேலே ஒரு கதவு திறக்கும் சத்தமும் கேட்கிறது. அந்த இடத்தில் சொல் பாதியில் நின்றுபோகிறது.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நீ ஒன்பதாவது பொத்தானை அழுத்துவாய்.

இந்த மூன்றும் எனக்கு உதவாது. இது நான் முப்பது வருஷம் செய்த வேலையின் மேல் ஆணையாகச் சொல்வது. அச்சுக்குப் போகத் தகுதியில்லை. உன் அப்பாவிடம் சொல்லி, அந்த ஒன்றை மட்டும் இப்போதைக்கு அவர் குரலிலேயே விட்டுவைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் நீ, வேண்டாம் மட்டும் அவர். கேட்பவர்கள் திகைக்கிறார்கள். திகைக்கட்டும், எனக்கு அவசரமில்லை. நிறுவனத்தில் புதுப் பெட்டிக்குச் சொல்லியிருக்கிறார்; அதன் படத்தை எனக்குக் காட்டி நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அனுப்பினார். அதில் இந்தச் சொல்லுக்குத் தனியாகத் துளை இருக்கிறது. அது வந்து சேர்வதற்குள் நீ அனுப்பினால் போதும்.

ஆனால் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சொல்லாதே. கதவைச் சாத்திக்கொண்டும் சொல்லாதே. கூடத்தில் நின்று, வீட்டில் எல்லோரும் இருக்கிற நேரமாகப் பார்த்து, ஒரே ஒரு முறை சொல். யாராவது என்ன என்று திரும்பிப் பார்த்தால், அம்மாவுக்காகப் பதிவு செய்கிறேன் என்று சொல்லிக்கொள். அவர்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

சரியாக வரவில்லை என்றால் பதிவை அனுப்ப வேண்டாம், நீயே புறப்பட்டு வந்து இங்கே சொல்லிவிட்டுப் போ. முன்னறையில் இடம் இருக்கிறது, அளந்து பார்த்தாகிவிட்டது.

நன்றாக இரு, மகளே. சத்தமாக இரு.

உன் அம்மா